இருபத்தாறு மாசம்

அந்த நோட்டுப் புத்தகக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் அரை டீ. பதினொரு மணிக்கு எல்லோரும் வாசல் கடையில் பிஸ்கட்டும் டீயுமாக நிற்க, இவள் மட்டும், "எனக்கு அரை டீ" என்பாள். பதிமூன்று வருஷமாக அதே அரை. டீக்கடைக்காரர்கூட ஒருநாள் கடுப்பாகி, "ஏம்மா, மிச்ச அரையை யாருக்கு வச்சிருக்க?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "ஊர் உலகமே வாழுது, நாமதான் சும்மா உயிரோட இருக்கோம்" என்று புருஷன் தினமும் புலம்புவான். ஒருமுறை அவளைக் கேட்காமல் பெரிய டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினான். அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாம் நாள் பேசியபோது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மூணு மாசத்த முழுங்கிட்டீங்களே, பாவி மனுஷா."

ஆமாம், அவள் கணக்கு மாசத்தில்தான். பேங்க் புத்தகத்தில் இருக்கிற தொகையை வீட்டுச் செலவால் வகுத்துப் பார்ப்பாள். இன்றைக்கு வேலை போனால் எத்தனை மாசம் யார் முன்னாலும் நிற்காமல் சாப்பிடலாம்? அதுதான் அவளுக்குச் சொத்து. செலவைக் குறைத்தால் சேர்ப்பும் கூடும், சேர்த்ததும் அதிக நாள் வரும். இந்தச் சூட்சுமம் தெரிந்த நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருபத்தாறு மாசம் சேர்த்திருந்தாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கவில்லை. இதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் ஒருவன் அவள் முகத்தில் பைலை விட்டெறிந்தான். மறுநாளைக்கு வீட்டில் அரிசி இல்லை. குனிந்து பைலைப் பொறுக்கி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, "சாரி சார்" என்றாள். அந்த சாரியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனியில் பாட்டுக்காரருக்கு மூன்று விரல் போனது. கட்டிங் மிஷின்காரர் அவர், வேலை நேரமெல்லாம் பாடிக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பெயர். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மிஷினில் கத்தி இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்றுதான் அதைச் செய்தவன் அப்படிச் செய்தான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஆர்டர் குவிந்து கிடந்தது. மேனேஜர் ஓர் அட்டைத் துண்டை மடித்து ஒரு பட்டனில் செருகி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்தார். "பாத்தியா, ஒரு கை மிச்சம்!" என்று பெருமை வேறு. பாட்டுக்காரர் வலது கையால் காகிதக் கட்டை நேராக்கும்போது, இடது கை பழக்கத்தில் இன்னொரு பட்டனைத் தட்டிவிட்டது. பக்கத்துத் தையல் மிஷினில் இருந்த அரை டீதான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

இன்றைக்கு மூன்று மணிக்கு லேபர் ஆபீசர் விசாரிக்க வருகிறார். இரண்டு மணிக்கு மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'குடித்துவிட்டு வந்தவர் தானே பட்டனில் அட்டையைச் செருகினார்' என்று எழுதியிருந்தது. கீழே பதினொரு கையெழுத்து. முதலாவது பாட்டுக்காரருடையதே, இடது கையால் கிறுக்கியது. பீடியைக்கூடத் தொடாத மனுஷன்.

"போடும்மா. நீதான் மொதல்ல ஓடிப் போனவ. உன்னைத்தான் கேப்பாங்க."

"அட்டைய வச்சது நீங்க சார்."

மேனேஜர் மிரட்டவில்லை. மிரட்டுவது அவர் வழக்கமே இல்லை. அலமாரியிலிருந்து அட்வான்ஸ் நோட்டை எடுத்தார். கல்யாணம், ஆஸ்பத்திரி, பைக், எதற்குக் கேட்டாலும் கம்பெனியில் அட்வான்ஸ் உண்டு. ஆளுக்கொரு பக்கம். யாராவது முரண்டு பிடித்தால் அந்த ஆளின் பக்கத்தைத் திறந்து முன்னால் வைப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். பதினொரு பேரும் தங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைக் கையில் எடுத்திருந்தார்கள்.

விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். கடைசிவரை போனார். திரும்பவும் முதலிலிருந்து வந்தார்.

"எனக்குப் பக்கம் இல்ல சார்" என்றாள் அவள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நோட்டை மேஜையில் அறைந்தார். "திமிரா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

"சரிங்க. இன்னிக்கு மூணு மணி வரைக்கும் இருக்கேன்."

வெளியே வந்தால் கையெழுத்துப் போட்ட பத்து முகமும் அவளை எரிப்பதுபோல் பார்த்தன. ஒட்டுகிற பிரிவில் இருக்கிறவள் கையில் பசையோடு எதிரே வந்து மறித்தாள். "பெரிய நியாயஸ்தி! உன்கிட்ட இருக்கு, நீ பேசுற. என் புள்ளைக்கு நீயா பீஸ் கட்டுவ?"

அரை டீக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டீக்கடைக்கு நடந்தாள். அங்கே மேனேஜர் காரில் அழைத்து வந்திருந்த பாட்டுக்காரர், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என் பொழப்புல மண்ணப் போட வந்தியா?" என்று சீறினார். "கையெழுத்துப் போட்டா அட்வான்ஸை விட்டுடுறேன்னாங்க. மேல கொஞ்சம் பணமும். உனக்கென்ன வந்துச்சு?"

"குடிகாரன்னு எழுதிக் குடுத்துட்டு மூணு விரல சும்மா விட்டுட்டுப் போறீங்களேண்ணே. கேஸ் போட்டா இதவிடப் பத்து மடங்கு வரும்."

"எப்ப வரும்? ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என் வீட்ல என்னத்தத் தின்றது? உன் அரை டீயவா?"

அவள் உட்கார்ந்தாள். கோபமாகவே சொன்னாள்.

"என்கிட்ட இருபத்தாறு மாசம் இருக்கு. பாதி எடுத்துக்கங்க."

"பிச்சை போடுறியா?"

"பிச்சை போடுற மூஞ்சியா இது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எழுதி வாங்கிக்கிட்டுத்தான் குடுப்பேன். கேஸ் பணம் வந்த அன்னிக்கே ஒரு பைசா பாக்கியில்லாம திரும்பி வரணும். உங்க வீட்ல டீயும் இனிமே அரைதான், சொல்லிட்டேன்."

அவர் அவளை முறைத்தார். சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "உன் புருஷன் உன்னை வெட்டப் போறான்" என்றார்.

"அது என் பாடு."

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தார். மிஷின் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, தாளைப் படித்துவிட்டு, அரை டீயைக் கேட்டார். இருந்ததை இருந்தபடி சொன்னாள். மற்றவர்களைப் பார்த்தார். பதினொரு பேரில் பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் பாட்டுக்காரரிடம். "இது உங்க கையெழுத்துதானே?"

மேனேஜர் சத்தமில்லாமல் அட்வான்ஸ் நோட்டைத் திறந்தார். பாட்டுக்காரர் பக்கத்தை எடுத்து, அவர் கண்ணுக்குப் படும்படி மிஷின் மேஜையில் வைத்தார்.

பாட்டுக்காரர் பக்கத்தைப் பார்த்தார். அரை டீயைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையை நீட்டி, மிஷின் பட்டனைக் காட்டினார்.

"இதுல அட்டைய வச்சது இவர்தான்" என்றார். "அந்த நோட்ட மூடுங்க சார்."