மூக்கைப் பிடித்துப் பேசியவள்

வியாழக்கிழமை காலை, ஹாபாய் தீவுக்கு ஒரு படகுச் சீட்டு கேட்டு கெப்பு துறைமுகத்தில் நான் சீட்டு விற்கும் சன்னலுக்கு முன்னால் வந்து நின்றான். என் அண்ணனின் படகைப் பழுதுபார்க்க வந்தவன், வேலை முடிந்து ஊர் திரும்புகிறான். பயணியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் லெசியேலி என்று என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாற்றித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அவன் தரவில்லை. சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு லெசி. நான் போகவா, இருக்கவா? செவ்வாய்க்கிழமை படகு கிளம்புறதுக்குள்ள சொல்லு."

அவன் துறைமுகத்தில் நடந்து வந்தாலே என் கைகள் வேறு யாருடையவோ ஆகிவிடுகின்றன. சரி என்று சொல்லிவிட்டால், மிச்சமிருக்கும் நானும் கைவிட்டுப் போய்விடுவேனோ?

கேட்க ஆளில்லை. அம்மா ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து போயிருந்தாள். வீட்டில் அண்ணன் ஃபெலெட்டி மட்டும். அண்ணனிடம் இதைப் பேசுவதாவது! தங்கையின் காதல் பேச்சு காதில் விழுந்தால் தொங்காவில் எந்த அண்ணனும் அந்த இடத்தில் இருக்கமாட்டான். அண்ணன் உட்கார்ந்து கவா என்ற வேர்ப்பானம் குடிக்கும் வட்டத்தில் தங்கை போய்க் கவா கரைத்து ஊற்றவும் மாட்டாள். ஊற்றுகிற பெண்ணைக் கிண்டல் செய்து மயக்கப் பார்ப்பதற்குத்தானே பாதிப் பேர் அங்கே வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோ லோசாவுக்குப் போன் செய்தேன். காதல் சிக்கலுக்கெல்லாம் நேரலையில் யோசனை சொல்பவள். முற்றத்துக்கு அந்தப்புறம் படகுக் கொட்டகையில் அண்ணனும் கெப்புவும் மற்றவர்களும் கவா குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே ரேடியோவில் ரக்பி வர்ணனைதான் ஓடும். தைரியமாக மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு கண்ணு, எங்கேருந்து பேசுற?"

"ஹாபாய்லேருந்துக்கா. பேர் வேண்டாம்."

"குரலுக்கு என்ன, ஜலதோஷமா?"

"ஆமாக்கா. ஒருத்தர் கேட்டிருக்காரு. பிடிச்சிருக்கு. ஆனா பயமா இருக்கு."

"அடிப்பானா? குடிச்சுட்டு வருவானா?"

"சேச்சே! சிரிப்பாருக்கா, அவ்வளவுதான். அவர் சீட்டுல என் பேரை எழுதிட்டேன்! இப்பவே இப்படின்னா, அப்புறம் நான் என்ன ஆவேன்?"

எப்போது மூக்கை விட்டேன் என்று தெரியவில்லை.

லோசா விழுந்து விழுந்து சிரித்தாள். "பயம் போகட்டும்னு காத்திருக்காதடி. பயத்தோடயே போய் அவன் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு. ஆமா, அந்த ரேடியோவைக் குறை, உன் குரல் ரெண்டு தடவை கேக்குது."

எங்கள் வீட்டில் ரேடியோ ஓடவில்லை.

கொட்டகையிலிருந்து என் குரல் முற்றம் தாண்டி வந்தது: "என் பேரை எழுதிட்டேன்!" ஆட்டம் அதற்குள் முடிந்து, யாரோ லோசாவின் நிகழ்ச்சிக்குத் திருப்பியிருக்க வேண்டும். உள்ளே ஒரே கூச்சல். "யாருப்பா இவ? கெப்பு, உங்க ஊர்க்காரியாமே!"

கூச்சல் அடங்குவதற்குள் அண்ணன் வெளியே வந்தான். ஈரப்பலா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

போதும். ஃபெலெட்டிக்கு ஒரே தங்கை. அவன் எழுந்து வெளியேறிய பிறகு அந்த ஹாபாய்க்காரி யாரென்று யாருக்குத் தெரியாமல் இருக்கும்? நான் போனைத் தரையில் போட்டேன்.

சற்று நேரத்தில் அண்ணன் சன்னலுக்கு வெளியே வந்து கடலைப் பார்த்தபடி பேசினான்.

"லெசி."

"என்னண்ணா?"

"நான் மீன் பிடிக்கப் போறேன். வர லேட்டாகும்."

"சரிண்ணா."

"இந்தப் பசங்க கலக்குற கவா சேத்துத்தண்ணி மாதிரி இருக்கு. ஊத்த ஒரு ஆள் வேணுமாம்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். கையில் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை.

தலையை வாரினேன். கலைந்தது. மறுபடி வாரினேன். முற்றத்தைக் கடக்கும்போது கால்கள் ஓடப் பார்த்தன. எந்தப் பக்கம் என்றுதான் அவற்றுக்கே தெரியவில்லை.

கொட்டகையில் எல்லோரும் நகர்ந்து, எனக்குப் பக்கத்து இடத்தில் கெப்புவைத் தள்ளிவிட்டார்கள். அவன் காது சிவந்திருந்தது.

"ஜலதோஷம் தேவலையா தங்கச்சி?" என்றது ஒரு குரல். கொட்டகையே அதிர்ந்தது.

நான் நீட்டிய முதல் சிரட்டையில் பாதி அவன் சட்டையிலும் மடியிலும் கொட்டியது.

"பாதிதான் தருவியா?"

"மீதி வேணும்னா செவ்வாய்க்கிழமைப் படகை விட்டுடுங்க."

கெப்பு சட்டைப்பையிலிருந்து நனைந்த சீட்டை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"இது உன் பேர்லதானே இருக்கு. நான் எப்படிப் போறது?"