தொண்ணூற்றெட்டு கிலோ

உதயராஜின் முதல் அடி டாக்டர் ஹலீமின் கன்னத்தில் விழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்து அம்மாவின் சவப்பெட்டிக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது அடி மூக்கில். டாக்டர் வீட்டு முன் இஸ்தோப்புத் தூணைப் பிடித்தபடி சரிந்தார். அவர் கொண்டுவந்த மாலை காலடியில் நசுங்கியது. தப்படித்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

“எங்கம்மாவ பெட்டியிலதான் போவாங்கன்னு சொன்னியாமே? இந்தா, போறாங்க! நல்லா பாத்துட்டுப் போடா!”

ராகினி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைத் தடுக்க எழ வேண்டும் என்று தெரிந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தாள்.

டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. எட்டு மாதத்துக்கு முன்னால், ருவான்வெல்லை பஜாரில் இருக்கும் அவருடைய டிஸ்பென்சரியில். கூட இருந்தவள் ராகினிதான்.

அம்மா இராஜம் முப்பது வருடம் ரப்பர் மலையில் பால் வெட்டியவள். முழங்கால் போன பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. ஒரே மடியில் மூன்று பிள்ளைகளைத் தூங்க வைப்பாள். உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு ஏறியது. பிரஷர் வந்தது, சீனி வியாதி வந்தது. அன்று டாக்டர் அவளை வாசலோரத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தொண்ணூத்தெட்டு கிலோ! வாயக் கட்டத் தெரியாதா உங்களுக்கு? இப்படியே திண்டா ரெண்டு வருஷத்துல பெட்டியிலதான் போவீங்க.”

வரிசை சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலை மாற்றவில்லை. அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்கி லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் வீசினாள். கஞ்சி தெறித்து அவள் கை வெந்தது. பிறகு ஒரு விறகுக் கட்டையால் அந்தப் பானையை அடித்தாள். அலுமினியம் நசுங்கி உள்ளே மடியும் வரை, தன் உடம்பையே அடிப்பது போல அடித்தாள். பக்கத்து வீட்டுக் கந்தையா வந்து கட்டையைப் பிடுங்கினார்.

அதன் பிறகு அவள் டிஸ்பென்சரிக்குப் போகவே இல்லை. மாத்திரை முடிந்தது. திரும்ப எடுக்கப் போனால் தராசில் ஏற வேண்டும். முந்தாநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுகூட, “வாயுதான், இஞ்சி தட்டிப் போட்டுக் குடு. அங்க போனா எல்லாருக்கும் முன்னால நிறுப்பாரு” என்றாள். பத்து மணிக்கு முகம் கறுத்தது. உதயராஜ் தன் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு பறந்தான். பஜாரை எட்டும் முன்பே ராகினியின் தோளில் அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது. அவள் அளவுக்குப் பெட்டி ருவான்வெல்லையில் கிடைக்கவில்லை. கேகாலையிலிருந்து வந்தது.

உதயராஜ் இப்போது டாக்டரின் விலாவில் உதைத்தான். கந்தையா பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவரை உதறிவிட்டு, வாசலில் அடுக்கியிருந்த விறகில் ஒன்றை உருவினான்.

டாக்டர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் வடிந்தது.

“யாருமே அவங்களுக்கு உண்மைய சொல்லல்ல” என்றார். “பயந்தா உடம்பக் குறைப்பாங்கண்டு நெனச்சன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுறது.”

“எங்கம்மா எல்லாரும் இல்லடா!”

விறகு உயர்ந்தது. ராகினி எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“என்னையும் அடிண்ணே!”

“தள்ளு புள்ள.”

“அன்னிக்கு வரிசையில காமெண்ட் ஃபேக்டரி புள்ளைங்க ரெண்டு பேரு நின்னாங்க. என்கூட வேல செய்றவங்க. எல்லாரும் சிரிச்சப்ப...” அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு வெக்கமாப் போச்சு. நானும் சிரிச்சிட்டுத் தள்ளி நின்னுக்கிட்டேன். தராசுல இருந்து எறங்க அம்மா கைய நீட்டுனாங்கண்ணே. நான் பிடிக்கல.”

உதயராஜ் விறகைக் கீழே போட்டான். வெறுங்கையால் அவளை அறைந்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். காதுக்குள் வண்டு போல ஒரு சத்தம். யாரும் தூக்க வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

கந்தையா பெட்டிக்கு அடியில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். “போயிருங்க சார். இங்க நிக்காதீங்க.” டாக்டர் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார். ரோட்டில் அவருடைய காரின் முன்கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்திருந்தார்கள். அவர் சீட்டில் கிடந்த சில்லுகளைக் கைக்குட்டையால் ஒதுக்கிவிட்டு ஏறி ஓட்டிப் போனார்.

தப்பு மறுபடி முழங்கியது. பெட்டியை எடுத்தார்கள்.

பெண்கள் லயத்து வாசலோடு நின்றுவிட்டார்கள். வீங்கிய கன்னத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு ராகினி கீழே பார்த்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே சறுக்கலான பாதை. எட்டுப் பேர் தூக்கியும் முதல் வளைவிலேயே நின்றார்கள். “தோள மாத்துங்கப்பா” என்று கந்தையாவின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

ஏழு பேர் மாறினார்கள். முன்னால் வலது பக்கம் நின்ற உதயராஜ் மாறவில்லை. இரண்டாவது வளைவிலும் மாறவில்லை. அதற்கப்பால் மரங்கள் மறைத்துவிட்டன.