சித்தப்பாவின் இடது கடைவாய்

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

ஒன்பது மணிக்கு அக்காவுக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் கடைசிச் செய்முறைத் தேர்வு. சொத்தைப் பல் உள்ள ஒருவரை அவளே அழைத்துப் போய், தேர்வாளர் கண்ணெதிரே சொத்தையைச் சுரண்டி அடைத்துக் காட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் தேர்வு இல்லை; இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த தையல்காரர் அப்போதுதான் போனில் கையை விரித்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன்கூடப் படிக்கிற பையன் வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன்றான். டிபனும் வாங்கித் தர்றானாம்."

"துரோகி" என்றாள் அம்மா.

"யாரு, தையல்காரரா, பையனா?" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும்தான். நீங்க வாயைத் திறங்க."

அக்கா டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக ஒவ்வொரு வாயாகப் புகுந்து பார்த்தாள். அப்பாவிடம் ஒன்றும் இல்லை. அம்மாவிடமும் இல்லை. என் வாயைப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா வச்சிருக்கியே, சனியனே" என்றாள், அழாத குறையாக.

யாரைக் குற்றம் சொல்வது? படுக்கப் போகுமுன் பல் தேய்க்காவிட்டால் போர்வையை உருவுகிறவள் அவள்தான். ஐந்து வருடமாகப் பல்லிடுக்கில் நூல் விடவைத்து எங்களை ஆட்டிப் படைத்தவளும் அவள்தான். வீட்டில் ஒரு ஓட்டைகூட மிச்சமில்லை.

அப்போதுதான் கவனித்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த சித்தப்பா, வாசலருகே வாயே திறக்காமல் நின்றார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் அவர். சும்மா இருக்கிற வாய் இல்லை அது.

"சித்தப்பா, ஆ காட்டுங்க" என்றேன்.

"டூட்டிக்கு நேரமாச்சு."

"ஆ" என்றாள் அக்கா.

திறந்தார். இடது கன்னத்துக்குள் பாதி கரைந்த பெப்பர்மின்ட்.

"தொண்டைக்காகத்தான்டி" என்றார் அவசரமாக. "ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னாடி ஒண்ணு ஒதுக்கிக்குவேன். குரல் வழுக்கிட்டு வரும்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. உன்கிட்ட சொன்னா தோலை உரிச்சுடுவியே."

அக்கா கண்ணாடியைச் சாய்த்தாள். கடைவாயில் ஒரு சொத்தை.

"சில்லுனு தண்ணி குடிச்சா சுருக்குங்குதா?"

"ஒரு நொடி."

"தானா வலிக்குமா? தூக்கத்துல எழுப்பி விடுதா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப நரம்பைத் தொட்டிருக்காது" என்று துள்ளினாள் அக்கா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொழுந்தனுக்குச் சொத்தைப் பல் என்று ஆனந்தக் கண்ணீர் விட்ட அண்ணி வேறு யாரும் இருக்க முடியாது.

"ஊசி போட்டு உதடு மரத்துப்போனா நான் எப்படிடி அறிவிக்கிறது?"

"இன்னிக்கு ஒரு நாள் பஸ்ஸெல்லாம் தானா கிளம்பட்டும் சித்தப்பா."

லீவு சொல்லிவிட்டு வந்தார். எட்டேமுக்காலுக்குக் கல்லூரியில் எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தது: இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கறுப்பு நிழல், நரம்புக்கு எட்டாத தூரத்தில். தேர்வு அறையின் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா நாற்காலியின் கைப்பிடியை நசுக்கினார். அக்கா மட்டும் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. மெத்தென்றிருந்த பழுப்புச் சொத்தையெல்லாம் சுரண்டி எடுத்தபின், பல் நிறப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து நீல ஒளியில் இறுக வைத்தாள்.

தேர்வாளர் குனிந்தார். கையில் நூல். அடைத்த பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே அது தொளதொளவென்று போனாலும் தோல்வி, போகவே போகாவிட்டாலும் தோல்வி. நூல் நின்றது. சித்தப்பாவின் தலை லேசாக அசைய, நூல் வெடுக்கென்று உள்ளே இறங்கியது.

தேர்வாளர் ஏதோ கேட்டார். கதவை ஒரு விரல் திறந்தேன்.

"எத்தனை மிட்டாய்ங்கிறதைவிட எத்தனை தடவைங்கிறதுதான் சார் முக்கியம்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு தடவையும் கிருமி சர்க்கரையை அமிலமாக்குது. எச்சில் அதைச் சரிபண்றதுக்குள்ள அடுத்த மிட்டாய் வந்துடுது. இனிமே தொண்டைக்கு வெறும் தண்ணிதான்."

சித்தப்பா சட்டைப் பையைத் துழாவி, பெப்பர்மின்ட் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். தேர்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் நாங்கள் மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அக்காவுக்கு ஒரு வருடம் கீழே படிக்கும் மாணவி ஒருத்தி ஓடி வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், அடுத்த வருஷம் எனக்குத் தேர்வு. வலது பக்கம் ஏதாவது இருக்கா?"

மரத்துக் கோணிய உதட்டோடு அவர் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தாள்.

"இல்ல. நான் இருக்கிற வரைக்கும் வராது. நீ உன் சித்தப்பாவைப் பாரு."