நாலு மணிச் சோறு

வில்லியனூர் பக்கத்துச் சுகாதார நிலையமொன்றில் விஜயராணி நர்ஸாகச் சேர்ந்து பத்தொன்பது வருடம். அன்றைக்கு மதியத்துக்குள் ஊசி, பிரஷர், சுகர் என்று எண்பது பேரைப் பார்த்துவிட்டிருந்தாள். கால்கள் மரத்துப்போயிருந்தன. அப்போதுதான் உமையாள் தன் மகள் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது முறையாக வந்தாள். பத்து வயதுப் பெண். எடை நாற்பத்தொன்பது கிலோ. போன மாதத்தைவிட ஒன்று கூடுதல்.

எடை குறைக்க என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று அச்சடித்த வழக்கமான தாளை விஜயராணி எடுத்து நீட்டினாள். "கடைப் பண்டம் குடுக்காதீங்கன்னு போன வாட்டியே சொன்னேனே."

"கடையே எங்களுதுதான் மேடம்," என்றாள் உமையாள். "மார்க்கெட்ல மிக்சர், காராசேவு போடுறோம். அவரு அடுப்புல, நான் கல்லாவுல. ஸ்கூல் வுட்டு வந்தா இவ வேற எங்க இருப்பா? வூட்ல யாரும் இல்ல."

இரண்டு முறை தாளைக் கொடுத்தும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று விஜயராணிக்குக் கூச்சமாக இருந்தது. தாளை ஓரமாக வைத்துவிட்டு, நிவேதாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நேத்து காலையிலேர்ந்து இன்னா சாப்ட்ட, சொல்லு. திட்ட மாட்டேன்."

நிவேதா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். ஏழு மணிக்கே வேன் வந்துவிடும், அதனால் வெறும் பால். மதியம் டப்பாவைத் திறப்பதே இல்லை. "நான் வாய் வெச்சாலே கிளாஸ்ல எல்லாம் சிரிக்கிறாங்க." நாலு மணிக்குக் கடைக்கு வரும்போது பசி காதை அடைக்கும். கைக்கு எட்டுவது மிக்சர்தான்.

உமையாளின் முகம் வாடிப்போனது. "டப்பா காலியாதானடி வருது?"

"வேன்ல வர்ற பசங்களுக்குக் குடுத்துடுவேன்மா."

வெளியே வரிசை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. விஜயராணி எழவில்லை.

"ஸ்கூல்ல மிஸ்ஸ பாத்துப் பேசுங்க. சாப்பாட்டுல இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்துங்க. நாலு மணிக்குக் கடையிலயே ஒரு தட்டுல சோறு, கொழம்பு, காய் வெச்சிக் குடுங்க. வயிறு நெறைஞ்சா மிக்சர்ல கை போவாது."

"சோறு போட்டா இன்னும் ஏறாதா மேடம்?"

"செஞ்சி பாருங்க." சொன்னாளே தவிர, அவளுக்கும் நிச்சயமில்லை.

அடுத்த மாதம் எடை அதே நாற்பத்தொன்பதில் நின்றது.

"கொறையலியே," என்றாள் உமையாள் சோர்வாக.

"ஏறலியே. வளர்ற பொண்ணு, அதுவே பெருசு." விஜயராணி நிவேதாவின் பக்கம் திரும்பினாள். "மத்தியானம்?"

"மிஸ் பக்கத்துல ஒக்காந்து பாதி சாப்புடுறேன்."

விஜயராணி அந்தப் பாதியையும் அட்டையில் எழுதினாள். அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்தபோது, அன்றைக்கும் மரத்துப்போயிருந்த கால்களுக்காக மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.