ஒரு நேரான கேரட்

மச்சினன் வாயால் “மாமா கெட்டிக்காரர்” என்று கேட்கத் துணிக்கடைக்காரர் கொடுக்க வேண்டிய விலையை மச்சினனே சொல்லிவிட்டான்: பால்கனித் தொட்டியில் நேராக விளைந்த ஒரே ஒரு கேரட்.

செடிகள் நெருக்கியடித்து முளைத்தன. “பாதியைப் பிடுங்கிடுங்க. இடம் இருந்தாத்தான் நேரா இறங்கும்,” என்றாள் மனைவி.

“போட்ட முதலை நானே தூக்கி எறியறதா?” என்று பதறினார்.

அறுவடையன்று மச்சினன் முன்னால் ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்று சம்மணம் போட்டிருந்தது, இரண்டு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன.

“மாமா, இது தொட்டியா, டவுன் பஸ்ஸா?” மச்சினன் உருண்டு சிரித்தான்.

மூலையில் கடைசியாக இழுத்தது மட்டும் குச்சி மாதிரி நேராக வந்தது! துணிக்கடைக்காரர் துள்ளிக் குதித்தார்.

“சரி, கெட்டிக்காரர்தான் மாமா.”

“அந்த மூலையில மட்டும், நீங்க கடைக்குப் போனப்புறம் நான் பாதியைப் பிடுங்கிட்டேன்,” என்றாள் மனைவி.

வரவு ஒரு பாராட்டு. மனைவிக்குப் பாக்கியும் அதே பாராட்டு.