மணிக்கூடு தெரிந்த ஸ்கோப்

துவக்குக் குழலின் நுனியில் இருக்கும் முன்குறி எனக்கு மங்கலாகத் தெரியத் தொடங்கி ஆறு மாதமாயிற்று. ஒருவருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை எங்கள் சுடும் கழகம் மாவட்டப் போட்டிக்கு நாலு பேரைத் தெரிவு செய்கிறது. ஒன்பது வருடமாக அந்த நாலில் ஒருத்தி நான். ஐம்பது மீற்றரில் பத்து வெடிக்கு எண்பது புள்ளி எடுக்காவிட்டால் என் இடம் போய்விடும்.

இந்த வருடம் துவக்கில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பூட்டியும் சுடலாம் என்று விதி வந்ததும், "காலத்தோட போகத்தானே வேணும்" என்று எல்லாரிடமும் நியாயம் பேசினேன். கழகத்துத் துவக்குகளைப் பராமரிக்கும் ஏறாவூர் ஹமீட் காக்கா மலிவான இரண்டு ஸ்கோப்புகளைத் தந்து, பார்த்து ஒன்றை எடுக்கச் சொன்னார்.

கல்லடியில் எங்கள் மேல்மாடியில் நின்றால் வாவிக்கு அப்பால் நகரம் தெரியும். இங்கே யார் எந்தக் கண்ணாடி வாங்கினாலும் அக்கரையைப் பார்த்துத்தான் சோதிப்பார்கள். நானும் பார்த்தேன். சின்னது நாலு மடங்குதான் பெருப்பித்தது. அக்கரை அக்கரையாகவே இருந்தது. பெரியது பன்னிரண்டு மடங்கு. அதில் ஒரு கட்டடத்து மணிக்கூட்டின் முள்ளே தெரிந்தது.

"நாலே கால்" என்றேன் பெருமையாக.

என் கணவர் உதயரூபன் தேத்தண்ணியை உறிஞ்சினார். "அது ரெண்டு வருசமா நாலே கால்தான் பிரஷாந்தி. வேற ஏதும் தெரியுதாகா?"

பெரியதையே எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அதைப் பூட்டிக்கொண்டு சுடும் திடலில் படுத்தேன். ஐம்பது மீற்றர் இலக்கு பால் கலந்த தண்ணீர் போலிருந்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் ஸ்கோப்புக்குள் குறி காட்டும் சிலுவைக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்தது. அசைக்காவிட்டாலும் துள்ளியது. அது என் நாடி என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இத்தனை வருடமும் நான் அசையாமல் கிடப்பவள் என்றல்லவா நம்பியிருந்தேன்.

பின்னால் கதிரையில் இருந்த ஹமீட் காக்கா கேட்டார்: "டீச்சர், அக்கரை மணிக்கூட்டையா சுடப் போறீங்க?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"சொல்லணுமா? இதுக்கு முதல் மூணு பேர் கொண்டுபோனாங்க. மூணு பேரும் நாலே கால் எண்டுதான் வந்தாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பெரியது நூறு மீற்றருக்கு அங்கால பார்க்கச் செய்தது. கிட்டத்துக்குத் திருத்த வழியில்லை. சின்னது சின்னத் தோட்டாவுக்கென்றே ஐம்பது மீற்றருக்கு அமைத்தது.

"கூடப் பெருசாக் காட்டினா நடுக்கமும் பெருசாத் தெரியும். அதப் பாத்து இன்னும் நடுங்குவீங்க."

சின்னதைப் பூட்டித் தந்தார். இலக்கு சிறிதாக, ஆனால் கோடு கோடாகத் தெளிவாக நின்றது. நடுக்கம் போய்விடவில்லை என்று எனக்குத் தெரியும். அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டாத ஒன்றுடன் சேர்ந்திருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை எண்பத்து மூன்று. நாலாவது இடம்.

வீட்டுக்கு வந்தபோது உதயரூபன் குசினியில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை என்றே நினைத்திருந்தேன். வென்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கிட்டத்தில இருக்கிறது சரியாத் தெரியுதில்ல."

"தெரியும்கா."

"எப்ப இருந்து?"

"ஆறு மாசம் இருக்கும், ஒருநாள் சோத்தில ரெண்டு கல்லுக் கடிச்சன். அதுக்கு மறுகா நீ அரிசியில கை வைக்க முதலே நான் ஒருக்காப் பாத்து வைக்கிறன்."

ஆறு மாதம். நான் ஒளித்ததை அவர் எனக்காக ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படலாமா என்று யோசித்தேன்; அதற்குரிய இடம் மனதில் அகப்படவில்லை.

"சொல்லியிருக்கலாமே."

"நீயும்தான்." சுளகை என் பக்கம் தள்ளினார். "இப்பதான் ஸ்கோப் இருக்கே. இந்தா, மிச்சத்தப் பாரு."

"ஐம்பது மீற்றர் தள்ளி வையுங்க, பாக்கிறன்" என்றேன்.