தலையிடும் நேரம்

ஜெபராணிக்கு முனைவர் பட்டம் கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் போட்டவர்கள், 'உந்துதல் கட்டுப்பாடு குறித்து ஆய்வு' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். கணித ஆய்வு என்பது விட்டுப்போனதால், மனத்தை அடக்கும் வித்தை என்று ஊர் எடுத்துக்கொண்டது. அன்று ஆரம்பித்தது தொல்லை. பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் கல்லூரிக்கு, பிள்ளைகளின் கோபத்துக்கும் செல்போன் பைத்தியத்துக்கும் வழி கேட்டு ஆட்கள் வந்தார்கள். மற்றவர்களை ஒருவழியாக அனுப்பிவிட்டாள். முக்கூடல் மஹ்மூதா பீவியை மட்டும் அனுப்ப முடியவில்லை. மூன்றாவது செவ்வாயாக வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எம்மவன் அஃப்சல் ஒரு வருசத்துல நாலு வேலைய விட்டுட்டான், டீச்சரம்மா. மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அங்கனயே எழுதிக் குடுத்துட்டு வந்துருதான். இப்ப அஞ்சாவது எடத்துல இருக்கான்."

"நான் கணக்கு டீச்சர்மா. எத்தன தடவ சொல்லுதது?"

"கட்டுப்பாடுன்னு பேப்பர்ல போட்டிருக்கே?"

ஜெபராணி பேனாவை மேசையில் எறிந்தாள். திருத்தாத விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இதற்கிடையில் பீவி மகனுக்குப் போன் போட்டார்.

"லே, சாப்ட்டியா? மேனேஜர் எதுவும் சொன்னாரா? பொறுமையா இரு, என்னா?"

பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கேள்விகள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ இப்படிக் கேப்பீங்க?"

"இருவது இருக்கும். பயமா இருக்குல்லா."

"இதாம்மா என் ஆராய்ச்சியே!" ஜெபராணி கத்தியேவிட்டாள். "ஒண்ணு தன்பாட்டுக்கு ஏறி எறங்கிக்கிட்டு இருக்கு. நாம கை வைக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நட்டம் உண்டு. பாபநாசம் அணையில ஒரு அடி தண்ணி ஏறுனதும் மதகத் தொறக்குதாங்களா? ஒரு அளவு வச்சிருக்காங்க, அதத் தாண்டுனாத்தான் தொறப்பாங்க. நீங்க இருவது தடவ தொறக்கீங்க!"

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவள் போட்ட கணக்கு ஒரு தாய்க்கும் மகனுக்கும் பொருந்தும் என்று ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை. உளவியல் துறை நஸீமாவின் எண்ணை எழுதிக் கொடுத்தாள். பீவி அதை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

"அவன் அந்த வேலையயும் விட்டுட்டான், டீச்சரம்மா."

ஜெபராணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா, நீங்க சொன்னதுக்கப்புறம் நான் போன் போடுததே இல்ல. அவனே போட்டான். 'உம்மா, என்னால முடியல, விட்டுரட்டுமா'ன்னு கேட்டான். எங்கிட்ட இதுக்கு முன்னால கேட்டதே கெடையாது. மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டு வான்னேன். இருந்தான். இப்ப நஸீமா டீச்சர்கிட்டயும் போய்ப் பேசுதான்."

"அடுத்து என்ன செய்யப் போறானாம்?"

"தெரியல. கேக்கணும்னு நாக்கு துடிக்கி. இன்னும் கேக்கல."